பட்டன் இருந்தால் போதுமா? பைக் டயரின் பிடிமானம் எங்கிருந்து வருகிறது

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தி, "டயர் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால், அவர் குனிந்து விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். "பட்டன் இருக்குப்பா, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்பார். நம் ஊரில் டயரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பட்டன், அதாவது டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேடுகள், இருந்தால் நல்ல டயர், மொட்டையாகிவிட்டால் கெட்ட டயர்.

நானும் பல வருடங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய ஸ்கூட்டர் வீட்டுத் தாழ்வாரத்தில் அதிகம் ஓடாமல் நின்றிருந்தது. ஒருநாள் அவசரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லேசான தூறல். தெருமுனையில் திரும்பும்போது, வேகம் இருபதுகூட இருந்திருக்காது, முன் சக்கரம் அப்படியே நழுவியது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தேன். வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்தால் பட்டனெல்லாம் புதுசு போலவே இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல இருந்தது.

பட்டன் முழுசாக இருந்த டயர் ஏன் வழுக்கியது என்ற கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், பிடிமானம் என்பதை நான் அடியிலிருந்தே தப்பாகப் புரிந்துவைத்திருந்தது தெரிந்தது. பிடிமானத்தைத் தருவது பட்டன் அல்ல, ரப்பர்.

பாத்ரூம் செருப்பிலிருந்து தொடங்கலாம்

ஹவாய் செருப்பு எல்லோர் வீட்டிலும் இருக்கும். புதிதாக வாங்கியபோது ஈரத் தரையிலும் அது ஓரளவு பிடிக்கும். இரண்டு வருடம் கழித்து அதே செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குப் போனால் சறுக்குகிறது. அடியில் வரிகள் தேய்ந்தது ஒரு காரணம். இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை: ரப்பரே இறுகிப் போயிருக்கும். புதுச் செருப்பை வளைத்தால் மெத்தென்று வளையும். பழையது விறைப்பாக எதிர்க்கும்.

ரப்பர் தரையைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது ஒட்டுவது. ரப்பரின் மூலக்கூறுகள் தரைக்கு மிக நெருக்கமாகப் போகும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஈர்ப்பு உண்டாகிறது. சக்கரம் உருள உருள இந்த ஒட்டு பிய்ந்து, அடுத்த இடத்தில் மறுபடி ஒட்டுகிறது. இதற்குப் பெயர் ஒட்டுவிசை. இது வேலை செய்ய ரப்பர் தரையை நேரடியாகத் தொட வேண்டும். நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலமோ மண்ணோ டீசலோ வந்துவிட்டால் ஒட்டு பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது வழி கொஞ்சம் நுட்பமானது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழும், பிறகு மெதுவாகப் பாதி மேலே எழும். டயர் ரப்பருக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. தார் ரோடு பார்க்கத்தான் சமதளம். கிட்டே போய்ப் பார்த்தால் ஜல்லிக்கற்களின் கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் எடை அழுத்தும்போது ரப்பர் அந்த முனைகளின் மேல் போர்வை போலப் படிகிறது. டயர் நகரப் பார்க்கும்போது, அமுங்கிய ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. அந்தத் தாமதத்தால் கல்லின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அழுத்தம் விழுகிறது. அந்த வித்தியாசம்தான் டயர் நழுவாமல் தடுக்கும் விசையாகிறது. இந்தத் தாமதக் குணத்தை ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். பெயரை மறந்தாலும் மாவு உருண்டையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மழை நாளில் ஒட்டுவிசை பெரிதும் குறைந்தபிறகு நம்மைத் தாங்குவது இந்த இரண்டாவது வழிதான். அதற்கு ரப்பர் மெத்தென்று இருந்தாக வேண்டும். இறுகிய ரப்பரால் ஜல்லியின் முனைகளில் படிய முடியாது, மேலாகவே உரசிக்கொண்டு போகும். அப்பாவின் ஸ்கூட்டரில் நடந்தது இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால்: உலர்ந்த ரோட்டில் ஒட்டுவதும் படிவதும் சேர்ந்து பிடிக்கின்றன. ஈர ரோட்டில் படிவதே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் ரப்பர் உயிரோடு இருக்க வேண்டும்.

உள்ளங்கை அளவு இடம்

டயர் ரோட்டைத் தொடும் இடத்துக்குத் தொடுபரப்பு என்று பெயர். சாதாரண பைக்கில் இரண்டு டயரையும் சேர்த்தாலும் அது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வண்டியும் இரண்டு பேருமாக இருநூற்றைம்பது கிலோ போகிறது என்றால், அத்தனையையும் நிறுத்துவதும் திருப்புவதும் அந்த உள்ளங்கைதான்.

அந்த இடம் தரும் பிடிமானத்தை மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்குக் கொஞ்சம், திரும்புவதற்குக் கொஞ்சம், ஆக்சிலேட்டருக்குக் கொஞ்சம் என்று ஒரே சம்பளத்திலிருந்துதான் செலவாகிறது. வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும்போதே சம்பளத்தில் பாதி போய்விட்டது. அந்த நேரத்தில் முன் பிரேக்கை இறுக்கினால் கையில் இல்லாத பணத்தைச் செலவு செய்வது போல ஆகிவிடும், டயர் நழுவும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களிடம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கான காரணம் இதுதான்.

நல்ல டயர் பெரிய சம்பளம், இறுகிய டயர் சின்னச் சம்பளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உலர்ந்த ரோட்டில் நல்ல டயர் தன் மேல் இருக்கும் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைப் பிடிமானமாகத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் முழுதாக வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து நிற்க ஏறத்தாழ 18 மீட்டர் வேண்டும். ஈரத்தில் அது பத்தில் ஐந்து பங்காகக் குறைந்தால் 28 மீட்டர். இறுகிய டயரும் ஈரமும் சேர்ந்து பத்தில் மூன்று பங்காகிவிட்டால் 47 மீட்டர். 12 மீட்டர் நீளமுள்ள பஸ்களை வரிசையாக நிறுத்தினால் முதலாவது ஒன்றரை பஸ், கடைசியாகச் சொன்னது கிட்டத்தட்ட நான்கு பஸ். கண் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் வண்டி ஓடிவிடும் 16, 17 மீட்டரை இதில் நான் சேர்க்கவில்லை.

"எனக்கு ஏபிஎஸ் இருக்கு" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஏபிஎஸ் நல்லதுதான், நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமும்கூட. ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டயரிடம் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

அப்படியானால் பட்டன் எதற்கு?

தண்ணீரை வெளியேற்ற. கிட்டத்தட்ட அதற்காக மட்டுமே.

டயரில் ரோட்டைத் தொடும் மேல் பகுதிக்கு ட்ரெட் என்று பெயர். அதில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் வாய்க்கால்கள். டயர் ஈர ரோட்டில் அழுந்தும்போது தண்ணீர் அந்த வாய்க்கால்களில் புகுந்து பக்கவாட்டில் பீய்ச்சியடிக்கிறது. தண்ணீர் விலகிய இடத்தில் ரப்பர் ரோட்டைத் தொடுகிறது. வாய்க்கால் ஆழம் குறைந்தால் தண்ணீர் போக இடமில்லை. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் இல்லாத இடத்தில் பள்ளங்களுக்கு வேலையே இல்லை. மோட்டோஜிபி பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நாளில் வழவழவென்று பள்ளமே இல்லாத ஸ்லிக் டயரில்தான் ஓட்டுகிறார்கள். மழை வந்தால்தான் பள்ளம் வெட்டிய டயருக்கு மாறுகிறார்கள். பள்ளம் இல்லையென்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் அதிகம்.

உடனே, "அப்போ என் மொட்டை டயரும் ஸ்லிக் மாதிரிதானே, வெயில் காலத்தில் ஓட்டலாமே" என்று ஒரு கேள்வி வரும். என்னிடமே இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. பந்தய ஸ்லிக் மிக மெத்தான புது ரப்பர். ஓடத் தொடங்குவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருப்பார்கள். நம் மொட்டை டயர், பல ஆயிரம் கிலோமீட்டர் சூட்டிலும் வெயிலிலும் இறுகி மிஞ்சிய மெல்லிய தோல். அதற்குக் கீழே நூலிழை அடுக்குதான் இருக்கிறது. ஆணி ஏறுவதும் சுலபம், வேகத்தில் வெடிப்பதும் சுலபம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறித் தருகிறார்களே, அது மிஞ்சிய தோலையும் வெட்டியெடுப்பது. அந்த டயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஆக, பிடிப்பது ரப்பர், அந்த ரப்பருக்கு வழிவிடுவது பட்டன். வெயிலில் பட்டன் நிறைய இருந்தும் டயர் நழுவலாம். மழையில் ரப்பர் நன்றாக இருந்தும் பட்டன் இல்லாததால் நழுவலாம்.

ஏன் தேய்கிறது, எங்கே தேய்கிறது

பள்ளிக்கூடத்தில் பென்சில் எழுத்தை அழிக்கும்போது ரப்பர் துகள் உதிருமே, அதேதான். பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டயர் தன்னில் ஒரு துளியை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறது. மெத்தென்ற அழிரப்பர் நன்றாக அழிக்கும், சீக்கிரம் கரையும். கெட்டியானது நாள்படும், ஆனால் தாளைக் கிழிக்கும். டயரிலும் இந்த இழுபறி உண்டு. ரப்பர், கார்பன் கருப்பு, சிலிக்கா, எண்ணெய், கந்தகம் எல்லாம் கலந்த கலவையைக் காம்பவுண்ட் என்கிறார்கள். மைலேஜுக்காகச் செய்யும் கம்யூட்டர் டயரில் கெட்டியான காம்பவுண்ட், வேகமான பைக்குகளின் டயரில் மெத்தான காம்பவுண்ட். சில டயர்களில் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெத்தாகவும் இரண்டு காம்பவுண்ட் வைக்கிறார்கள். "இந்த டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரே வண்டி, ஒரே டயர், ஆனால் ஓட்டும் கை மாறினால் தேய்மானம் மாறிவிடும்.

டயர் கருப்பாக இருப்பதற்குக் காரணமும் அந்தக் கார்பன் கருப்புதான். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் மரத்திலிருந்து வடிவது பால் நிறம். அதில் கார்பனைக் கலந்தால் தேய்மானத்தைத் தாங்கும் வலு பல மடங்கு கூடுகிறது.

இஞ்சினின் இழுவை பின் டயரில் விழுவதால் பொதுவாக அதுதான் முதலில் தேயும். அதுவும் நடுவில். நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். நான்கு வழிச்சாலையில் தினமும் போய்வருகிறவர்களின் பின் டயரைப் பாருங்கள், நடுப்பகுதி பட்டையாகத் தேய்ந்து, ஓரத்தில் மட்டும் பட்டன் நின்றுகொண்டிருக்கும். ஓரத்தைப் பார்த்து "பட்டன் இருக்கு" என்று முடிவு செய்வது இங்கேதான் தப்பாகிறது. ஆழத்தை எப்போதும் நடுவில் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்த டயர் இப்படிப் பட்டையானால் வளைவில் வண்டி முதலில் சாய மறுக்கும், பிறகு பட்டையின் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவது போலச் சாயும். ஓட்டுகிறவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், டயர் என்று தோன்றாது.

காற்று கூடினாலும் நடுப்பகுதி மட்டும் தேயும். குறைந்தால் டயர் அமுங்கி அமுங்கி எழும், சூடாகும், ஓரங்கள் தேயும். நிறைய பேர் பெட்ரோல் பங்கில் "ரெண்டுக்கும் முப்பத்தஞ்சு அடிங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகள் பலவற்றில் ஒருவர் மட்டும் ஓட்ட முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ என்ற அளவில்தான் கம்பெனி சொல்கிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பின் டயருக்கு மட்டும் கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, காலையில் பார்ப்பதுதான் சரியான அளவு. நைட்ரஜன் அடித்தால்தான் நல்லது என்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதைவிட வாரம் ஒருமுறை காற்றைப் பார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

ஓடாத டயரும் கெடும்

வீட்டு அலமாரியின் மூலையில் பல வருடம் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை, ஆனாலும் கெட்டுவிட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சூடும் சேர்ந்து ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சில இடத்தில் அறுக்கின்றன, சில இடத்தில் ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடுகின்றன. விளைவு: இறுக்கம், அப்புறம் வெடிப்பு.

இதைத் தள்ளிப்போட டயர் செய்யும்போதே காம்பவுண்டில் ஒருவகை மெழுகும் பாதுகாப்பு ரசாயனமும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்புக்கு வந்து கவசமாகப் படிகின்றன. டயரின் பக்கச்சுவரில் சில சமயம் தெரியும் பழுப்பு நிறம் இதனால் வருவதுதான். நின்றே கிடக்கும் வண்டியில் நெளிவு இல்லை, கவசமும் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால்தான் ஓடாத டயரில் வெடிப்பு சீக்கிரம் வருகிறது. வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்காக டீசலோ பாலிஷோ அடித்தால் "டயரில் படாமல் அடிங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். டீசல் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ட்ரெட்டில் பட்ட பாலிஷ் முதல் திருப்பத்திலேயே ஆளைக் கீழே தள்ளிவிடக்கூடும்.

டயர் பிறந்த தேதி அதன் மேலேயே இருக்கிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3221 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்து வருடமானால் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் சொல்லும் வழக்கமான கணக்கு. நம் வெயிலுக்கும் மழைக்கும் பத்து வருடம் வரை காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியில் நிற்கும் வண்டியென்றால் ஐந்தாறு வருடத்திலேயே மாற்றிவிடுங்கள் என்பேன்.

இதில் நான் அதிகம் கவலைப்படுவது முன் டயரைப் பற்றித்தான். பின் டயர் இரண்டு முறை மாறியிருக்கும், முன் டயர் தேயாததால் அப்படியே இருக்கும். பட்டன் நிறைய இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் டயர்தான் செய்கிறது. பின் சக்கரம் நழுவினால் சமாளித்துவிட வாய்ப்பு உண்டு. முன் சக்கரம் நழுவினால் பெரும்பாலும் விழுந்த பிறகுதான் தெரியும். வண்டியிலேயே மிக முக்கியமான டயர், வண்டியிலேயே மிகப் பழைய டயராக இருந்துவிடுகிறது.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு: கிலோமீட்டர் டயரைத் தேய்க்கிறது, காலம் டயரை இறுக்குகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எப்போது மாற்றுவது

டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று குறுக்கே இருக்கும். ட்ரெட் வேர் இண்டிகேட்டர் என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்று காட்ட, பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். ட்ரெட் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. வேறு யோசனை வேண்டாம்.

பள்ளம் குறைந்தது எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்ற சட்ட அளவு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பைக்குக்கு 1 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1.6. நம்முடையது பெருமழை கொட்டும் ஊர். ஆகவே 2 மில்லிமீட்டருக்கு வந்ததுமே புது டயருக்குப் பணம் எடுத்துவைக்கத் தொடங்குவது நல்லது. அளக்கக் கருவி இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கவைத்து அதன் தடிமனைப் பாருங்கள், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். நடுப்பள்ளத்தின் ஆழம் அந்தத் தடிமனுக்கு வந்துவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்கு அந்த டயர் ஆகாது.

ஆழம் இருந்தும் மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. பக்கச்சுவரில் எங்காவது கொப்புளம் போலப் புடைத்திருந்தால், பள்ளத்தில் விழுந்த அடியில் உள்ளேயுள்ள நூலிழை அறுந்திருக்கிறது. அதற்குப் பேட்ச் கிடையாது, உடனே மாற்ற வேண்டும். நூல் வெளியே தெரிந்தாலும் அப்படித்தான். மெல்லிய மயிரிழை வெடிப்புகள் முதலில் எச்சரிக்கை மட்டுமே. அவை ஆழமாகி, பள்ளங்களின் அடியிலும் வரத் தொடங்கினால் கழற்றிவிடுங்கள். நகத்தால் ட்ரெட்டை அழுத்திப் பார்ப்பது துல்லியமான சோதனை அல்ல. ஆனால் பக்கத்தில் நிற்கும் புது வண்டியின் டயரையும் அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும்.

மாற்றுவதற்கு நல்ல காலம் செப்டம்பர், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். கோவை, கன்னியாகுமரி, நீலகிரிக்காரர்களுக்கு மே மாதமே. முதல் மழையில்தான் ரோட்டில் மாதக்கணக்கில் சிந்திய எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். டயருக்கு மிகக் கடினமான நாள் அது.

புது டயர் போட்ட முதல் வாரம்

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் அந்த நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். குடோனில் வெகுநாள் கிடந்த டயரை வாங்கினால் அதன் ஆயுளில் ஒரு பங்கைக் கடைக்கே விட்டுவிட்டு வருகிறோம். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், மாட்டியபிறகு அது சரியாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். திருப்பி மாட்டினால் வாய்க்கால்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே சேர்க்கத் தொடங்கும்.

புது டயர் முதல் நாளிலிருந்தே நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பதும் தப்பு. அச்சிலிருந்து வெளிவந்த மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், ரோட்டின் கற்கள் அதைக் கொஞ்சம் உரசி விட்டபிறகுதான் முழுப் பிடிமானம் வரும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வளைவில் அதிகம் சாய்க்காமல், பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திப் பழக வேண்டும். அப்பாவின் ஸ்கூட்டருக்குப் புது டயர் இரண்டு போட்டபோது அந்த 150 கிலோமீட்டரை அவரே ஓட்டி முடித்தார், காலையில் காய்கறிக் கடைக்கும் மாலையில் கோயிலுக்குமாக.